விளக்கு அணையாமல் இருக்க

அக்டோபர் 6, திங்கள்

கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்காக நாசரேத்தில் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் ஆபீஸ் போனேன். நான் இல்லாத நாட்களில் பெண்கள் கழிப்பறையில் ஒரு குழாய் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. வாட்ச்மேன் ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டார். 'தங்கதுரை டேனியல், நிர்வாக அலுவலர்' என்று கழுத்து அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தாலும் என் வேலை இதுதான். மற்ற எல்லோரும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்புவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வருகிறதா, ஏசி ஓடுகிறதா என்று நான் பார்ப்பேன்.

ஆயுத பூஜையை ஜோராக நடத்தியிருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் புதிதாக ஒரு மரத்துச் சாமி மாடம். உள்ளே முப்பிடாதி அம்மன் படம், முன்னால் எண்ணெய் விளக்கு. பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. அந்த இடத்தில்தான் சுவரில் துவாரம் இருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன். ஏசி இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவராது. பில் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று கிளையன்ட் சொன்னதால் ஜன்னல்களையெல்லாம் அடைத்தாயிற்று. மூச்சு விட இது ஒன்றுதான் வழி என்று ஹால் கட்டும்போது என்ஜினியர் சொன்னார், நான்தான் பக்கத்தில் நின்று போட வைத்தேன். அப்போது இங்கே இருந்தவர்களில் இன்றைக்கு நான் மட்டும்தான் பாக்கி.

மாடத்துக்குப் பக்கத்து சீட்டில் முப்பிடாதி இருக்கிறாள். அம்மன் பெயரையே வைத்திருக்கிற பெண், இருபத்தேழு வயது. விளக்கேற்றுகிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாளாம்.

"ஃபேன் காத்துல வெளக்கு நிக்கல சார். அதான் செந்தூர்பாண்டி அண்ணன் சுவிச்ச அமத்திட்டு, பின்னால ஒரு பிளைவுட்டையும் வச்சு அடச்சுட்டாவ. இப்பம் பாருங்க, ஆடாம நிக்கு."

உண்மைதான். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது.

பூஜைக்கு வைத்தது. ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 9, வியாழன்

கழற்றவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. போன வருஷப் பூஜையில் புகை அலாரத்துக்கு நேர் கீழே சூடம் கொளுத்தினார்கள். அலாரம் அடித்தால் கட்டிடமே காலியாகும், கொஞ்சம் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள் என்றேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற செந்தூர்பாண்டி, "அண்ணாச்சிக்கு நம்ம சாமி வாசமே ஆவாது போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. செந்தூர்பாண்டி கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் அன்றிலிருந்து ஹாலில் சாமி சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சு வந்தாலும் எனக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிடும்.

கழிப்பறைக் குழாய் மாற்றியாயிற்று.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி கழிந்து முதல் நல்ல செய்தி. டெக்சாஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பில் வேலை முழுவதும் எங்களுக்கு வந்துவிட்டது. மேனேஜர் நெல்லையப்பன் எல்லோருக்கும் இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நின்று அல்வா வாங்கி வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர், வயிற்றுப் புண்காரர். அதனால் அல்வாவை அவர் மட்டும் சாப்பிடவில்லை.

"அண்ணாச்சி, மாடம் வச்ச நேரம்தான் இது. இனும அது அங்கனயே இருக்கட்டும். சுத்தி ஒரு சீரியல் லைட்டு மட்டும் போட்டுருங்க."

"சரி சார்" என்றேன்.

இதே ஹாலில் இன்னும் முப்பது பேருக்கு இடம் போட வேண்டும். நடைபாதையைக் குறுக்கி, மேசைகளை நெருக்கிப் பார்த்தால் வந்துவிடும். நான் வேலையில் கெட்டிக்காரன்.

நவம்பர் 4, செவ்வாய்

முப்பது பேரும் வந்துவிட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு ஹாலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் போர்வையை இழுத்துப் போட்டதுபோல இருக்கிறது. குளிர் இருக்கிறது, ஆனால் காற்று இல்லை. எதிரில் நிற்கிறவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம்.

எனக்குத் தலைவலி. கண்ணாடி பவர் ஏறியிருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

கண்ணாடி மாற்றினேன். புது ஃபிரேம் எனக்குப் பொருத்தமாக இல்லை என்று எஸ்தர் சொல்கிறாள். முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போனவள், சொல்லட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மதியத்துக்கு மேல் வேலை படுத்துவிடுகிறதாம். காலையில் முடிக்கிற பில்லில் பாதிகூட மதியம் முடிவதில்லை, அதிலும் தப்பு ஏகப்பட்டது. நெல்லையப்பன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"மத்தியானம் சோத்த வெட்டுதிய. பொறவு தூங்குதிய. ஒரு கை சோறு கொறச்சாத்தான் என்ன?"

மூன்று மணிக்குக் காபி, மூன்றரைக்குப் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி என்று முடிவாயிற்று. அடைத்த ஹாலில் தொண்ணூறு பேர் கையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார்கள். இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது.

முப்பிடாதி மட்டும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு நீல நிற இன்ஹேலர் குழாயை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டாம். பெரியவளான பிறகு விட்டிருந்ததாம், இப்போது ஒரு மாசமாகத் திரும்ப வந்திருக்கிறது.

"வராந்தாவுல போயி நின்னா நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள வந்தாத்தான் அடைக்கி. ஏசி சேரலியோ என்னமோ."

"இருக்கும்" என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

முப்பிடாதிக்கு ஜனவரியில் வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் அம்மா பேச்சியம்மாள் மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர். வேலை நிரந்தரமான அன்றைக்கே அம்மாவின் பீடித் தட்டை உடைத்து அடுப்பில் போடப்போவதாக இந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். என்னிடமும் சொன்னாள். ஆனால் அவள் முடிக்கிற பில் குறைந்துகொண்டே வருகிறது. நெல்லையப்பன் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

எனக்கு மகள் இல்லை. அதனால் இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே மனதில் தைக்கிறது.

நவம்பர் 15, சனி

இன்றைக்கு ஹாலுக்கு லீவு. வாட்ச்மேனிடம் ஏசி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனேன். செருப்பைக் கழற்றி வைத்தேன். அம்மன் படத்தைத் தொடாமல், மாடத்துக்குப் பக்கவாட்டில் கையை விட்டு அந்தப் பலகையை மட்டும் நெம்பி நகர்த்தினேன். பிறகு மின்சார அறைக்குப் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டேன். காற்று வந்தது. ஈர மண் வாசனையோ என்னமோ கூடவே வந்தது. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, யார் மனசும் புண்படவில்லை. காரியம் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் எஸ்தருக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. நான் இதைக் கணக்கில் வைக்கவில்லை.

நெல்லையப்பன் விடியற்காலையிலேயே மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியில் வந்தார். முப்பிடாதி விளக்கேற்றினாள், அணைந்தது. திரும்ப ஏற்றினாள், திரும்பவும் அணைந்தது. புதுத் திரி போட்டு ஏற்றிப் பார்த்தாள், நிற்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நெல்லையப்பனுக்குப் போன் வந்தது. அம்பாசமுத்திரத்தில் அவர் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். மாலையும் கழுத்துமாக அவர் ஓடினார்.  பிறகு யாரோ மெல்லிய குரலில், "நாளும் அதுவுமா வெளக்கு அணஞ்சுதே, அப்பமே நெனச்சேன்" என்றார்கள்.

நான் தண்ணீர் கேனைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். முப்பிடாதி என்னிடம் வந்தாள்.

"சார், எனக்கு இன்னைக்கு மூச்சு லேசா இருக்கு. ஒரு தடவகூட குழா அடிக்கல. அம்மன் கண்ணு தொறந்துட்டான்னு காலைல நெனச்சேன். இப்பம் பாத்தா மேனேஜர் சாரு அப்பாவுக்கு இப்பிடி ஆயிப்போச்சு. எங்கனயோ காத்து வருது சார், அதான் வெளக்கு நிக்கல. அந்தப் பலக நவுந்திருக்கும். நாற்காலிய மட்டும் புடிச்சுக்கிடுதியளா?"

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறினாள். சக்கரம் வைத்த நாற்காலி, உருண்டது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் பலகையைத் தள்ளி, விரலால் தட்டித் தட்டி இறுக்கினாள். இறங்கி விளக்கேற்றினாள். நின்றது.

"பாத்தியளா சார்?" என்று சிரித்தாள்.

நான் மின்சார அறைக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். வழியை அடைத்துவிட்டு ஃபேனை ஓடவிட்டால் மோட்டார் கருகிவிடும். வேலை தெரிந்தவன் யாரும் அதைத்தான் செய்வான்.

நவம்பர் 18, செவ்வாய்

தலைவலி. எழுதுவதற்கில்லை.

நவம்பர் 28, வெள்ளி

வேறு ஒரு வழி செய்து பார்த்தேன். வராந்தாப் பக்கக் கதவு, கழுத்து அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். திங்கள்கிழமை முதல் மதியங்களில் அதன் இடுக்கில் ஒரு காலித் தண்ணீர் கேனை வைத்து, பாதி திறந்தே இருக்கும்படி செய்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என்னை அப்படி யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த வாரம் மதிய வேலை ஏறிவிட்டது. தப்பும் குறைவு. முப்பிடாதி நேற்று டார்கெட்டை எட்டிவிட்டாள். நெல்லையப்பன் முகத்தில் அப்பா விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு. "காபி வேல செய்யுது அண்ணாச்சி, நான் சொன்னம்லா" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். அவரே சந்தோஷமாக இருக்கிறார், எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கதவு போயிற்று. கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த கிளையன்ட் ஆள் திறந்த கதவைக் கண்டுபிடித்து மேலே எழுதிவிட்டான். நெல்லையப்பனுக்கு நல்ல திட்டு. அவர் என்னைத் திட்டவில்லை, "இத எப்பிடி அண்ணாச்சி விட்டிய?" என்று மட்டும் கேட்டார். கேனை எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அடைமழை. தாமிரபரணியில் தண்ணீர் சிவந்து ஓடுகிறது. ஹாலின் வடக்குச் சுவரில் ஈரம் இறங்கி, கீழே விரிப்பு நனைந்து, ஒரு புழுங்கிய நாற்றம். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. துடைக்கச் சொன்னேன், மறுநாள் திரும்ப வருகிறது. நாற்றத்துக்காகப் பெண்கள் சாம்பிராணி போடுகிறார்கள். புகை எங்கே போகும்? அங்கேயேதான் நிற்கிறது.

ஒருத்தருக்குச் சளி பிடித்தால் அடுத்த நாள் அந்த வரிசைக்கே. தொண்ணூறு பேரும் ஒரே கைக்குட்டையில் மூக்கைச் சிந்துவது மாதிரிதான்.

டிசம்பர் 15, திங்கள்

முப்பிடாதி பற்றிய கூட்டம். நெல்லையப்பன், நான், சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஸ்பீக்கர் போனில் ஒரு பெண் குரல். டார்கெட் எட்டாதவர்களை ஜனவரியோடு அனுப்பிவிட வேண்டும் என்றது குரல்.

"நல்ல பிள்ளதான் மேடம். நவம்பர் கடைசில நல்லாத்தான் பண்ணிச்சு. பொறவு என்னன்னே தெரியல" என்றார் நெல்லையப்பன். என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

 மாடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று சொன்னால் முடிந்தது. ஸ்பீக்கரில் யாரோ முகம் தெரியாதவர்கள். செந்தூர்பாண்டி கண்ணாடிக்கு வெளியே ஒயரோடு நின்றுகொண்டிருந்தான். நெல்லையப்பன் கழுத்தில் மாலை.

"ரிசப்ஷன்ல ஒரு மாசம் உக்கார வச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

பில் விவரம் ஹாலுக்கு வெளியே போகக் கூடாது, முடியாது என்றது குரல். நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டிசம்பர் 16, செவ்வாய்

முப்பிடாதிக்கு ஒரு சின்ன மேசை ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். மாடத்தின் பக்கம் திருப்பாமல் வைத்துக்கொண்டாள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் சார்" என்றாள். அவள் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சை இழுக்கிறாள், விசில் போல ஒரு சத்தம். ஃபேன் அந்தக் காற்றையே எடுத்து அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் வீட்டில். தலைவலி ஒரு நாள்கூட இல்லை. கர்த்தர் கிருபை.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்த. ஒரே வார்த்த சொல்ல இத்தன மாசமா? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்திய?"

"ஒனக்குத் தெரியாது. நான் சொன்னா வேற மாதிரி எடுப்பாவ."

"யாரு? எடுத்தாவளா? கேட்டுப் பாத்தியளா?"

கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்த்தால்தானே எடுப்பார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நாளைக்கே போயிச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…" என்றாள். 

நாளைக்கு ஆபீஸ் லீவு. வருஷம் பிறந்து முதல் வேலை இதுதான் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 5, திங்கள்

சட்டைப்பையில் ஜெபப் புத்தகம் வைத்துக்கொண்டு நேராக நெல்லையப்பன் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார்.

"முப்பிடாதிய ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில சேத்திருக்கு அண்ணாச்சி. எல்லாருக்கும் வந்த சளிதான், அவளுக்கு நெஞ்சுல எறங்கிட்டு. வீசிங் வேற. நேத்து ராத்திரி ஆக்சிஜன் வச்சிருக்காவளாம். என்ன விசயமா வந்திய?"

"ஒண்ணுமில்ல சார். புது வருச வாழ்த்து சொல்லத்தான்."

இப்போது போய்ச் சொன்னால், முதல் கேள்வி இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பெண் குணமாகித் திரும்பி வருவதற்குள் நானே எப்படியாவது சரிசெய்துவிடுவேன். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

எஸ்தரிடம் சொல்லியாயிற்று என்று சொன்னேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடிக்குள் முப்பிடாதி. கண் மட்டும்தான் பேசியது. பேச்சியம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார், மடியில் பீடித் தட்டு இல்லாமல் அவர் கை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதி முகமூடியை விலக்கி ஏதோ சொல்ல முயன்றாள். நர்ஸ் சத்தம் போட்டார். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"வெளக்கு… யாரு ஏத்துதா சார்?"

"ஏத்துதாங்க, நீ கவலப்படாத" என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

முப்பிடாதி இறந்துபோனாள்.

ஜனவரி 9, வெள்ளி

சாவு வீட்டுக்கு ஆபீஸே போயிருந்தது. நெல்லையப்பன் குழந்தையைப் போல அழுதார். செந்தூர்பாண்டி பாடையைத் தோளில் தாங்கி ஆற்றங்கரைவரை நடந்தான். பெண்கள் மாடத்தின் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி வந்து குளித்த பிறகு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கழிப்பறையில் வெகுநேரம் இருந்தேன். எஸ்தர் கதவைத் தட்டவில்லை.

ஜனவரி 21, புதன்

ஒரு சாவு, கூடவே ஒரே மாசத்தில் இத்தனை பேர் மெடிக்கல் லீவு. சென்னை பயந்துவிட்டது. காற்றைச் சோதிக்க ஒரு என்ஜினியர் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கையடக்கக் கருவி ஒன்றை மேசை மேசையாக வைத்துப் பார்த்தார்.

"மூச்சுல விடுற கரியமில வாயு வெளியில நானூறுக்குப் பக்கம் காட்டுது. உள்ள மூவாயிரத்தத் தொடுது சார். ஒருத்தர் விட்ட மூச்சத்தான் அடுத்தவங்க இழுத்துக்கிட்டிருக்காங்க. தலைவலி, தூக்கம், வேலைல தப்பு எல்லாம் இதுலயே வரும். கிருமியும் வெளிய போகாது. ஈரம், பூஞ்சை, புகை வேற. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்." சுற்றிப் பார்த்தார். "வெளிக்காத்து உள்ள வர்ற வழி ஒண்ணு இருந்தாகணுமே?"

வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். உள்ளே வந்தார். மாடத்தைக் கைகாட்டினார்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். இனிமேல் வரப்போகிற சண்டையை, மூன்று மாசமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்த அத்தனை பேச்சையும் எதிர்பார்த்து நின்றேன்.

செந்தூர்பாண்டிதான் முதலில் எழுந்தான். 

"இதுக்குப் பின்னாலயா? நான்தான் அந்தப் பலகைய வச்சேன். அது சும்மா காத்தாடின்னுல்லா நெனச்சேன். ஒரு வார்த்த யாராவது சொல்லியிருந்தா…" என்று நிறுத்தினான். பிறகு, "சாமிக்கு அந்தச் சுவரு என்ன, இந்தச் சுவரு என்ன? புடிங்கடே" என்றான்.

நான்கு பேர் பிடித்தார்கள். நெல்லையப்பன் படத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாடம் மேற்குச் சுவருக்குப் போயிற்று. பலகையைப் பிடுங்கினார்கள். வாங்கி வைத்த டீ ஆறவில்லை, வேலை முடிந்துவிட்டது.

"இங்க ஃபேன் இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார் நெல்லையப்பன். சும்மாதான் கேட்டார். அவர் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

"எனக்கும் இன்னைக்குத்தான் சார் தெரியுது" என்றேன்.

போய் சுவிட்சைப் போட்டேன். எந்த சுவிட்ச் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மதிய வேலை நன்றாக ஏறிவிட்டது. மூன்று மணிக்கு யாரும் கொட்டாவி விடுவதில்லை. உடற்பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். ஃபேனை உடனே ஓட வைத்ததற்கும் சுவரைச் செப்பனிட்டதற்கும் சென்னையிலிருந்து எனக்குப் பாராட்டு வந்திருக்கிறது. முப்பிடாதி சாவால் பொங்கலுக்குக் கொடுக்காமல் விட்ட சிறந்த ஊழியர் கேடயத்தை எனக்குக் கொடுக்கப்போகிறார்களாம். எஸ்தரிடம் சொல்லவில்லை.

பழைய கண்ணாடியையே திரும்பப் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் தெரிகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

முப்பிடாதியின் சாமான்களை வாங்கிப்போகப் பேச்சியம்மாள் வந்திருந்தார். நெல்லையப்பன் என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், சீப்பு, தீப்பெட்டி, திரிக்கட்டு, நான் வாங்கிக் கொடுத்த மேசை ஃபேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

"எம்மக எங்கன இருந்தா சார்?"

நாற்காலியைக் காட்டினேன். அதே சக்கர நாற்காலி. உட்காரலாமா என்று கண்ணாலேயே கேட்டார். பிடித்துக்கொண்டேன், உட்கார்ந்தார். கிழக்குச் சுவர்த் துவாரத்திலிருந்து காற்று நேராக வந்து அவர் நரைமுடியைக் கலைத்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். பீடித்தூள் தின்ற நெஞ்சு, அதனால் மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டார்.

"நல்ல காத்து வருதே சார்" என்றார். "நான் என்னென்னமோ நெனச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன், எங்கன கெடந்து மூச்சுக்குத் தவிச்சாளோன்னு. இவ்ளோ காத்துலதான இருந்திருக்கா, எம்மக?"

"ஆமாம்மா" என்றேன். "இங்கதான்."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிடட்டுமா என்று கேட்டார். இருங்கள் என்றேன். நாற்காலி உருளாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.